அவசரமில்லீங்க

என் இயர்போனைச் சாம்பாரில் போட்டது நான்தான். யாரும் தட்டிவிடவில்லை. கேண்டீனில் உட்கார்ந்து, வடை நன்றாக ஊறிவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். வலது காதிலிருந்து வழுக்கி, வடைக்குப் பக்கத்திலேயே விழுந்து மூழ்கியது. ஸ்பூனால் எடுத்துத் துடைத்துக் காதில் வைத்தேன். உள்ளே 'குளுக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. இடது காதில் இருந்ததும் அந்தக் கணமே ஊமையாகிவிட்டது. ஒன்று போனால் மற்றதும் போய்விடும், அவ்வளவு உத்தமமான ஜோடி.

இப்படிப்பட்டவனிடம்தான் பதினெட்டு நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பை ஒப்படைத்திருந்தார்கள். என் பெயர் திருமலைக்கொழுந்து. சொந்த ஊர் தென்காசிப் பக்கம், பிழைப்பு கோயம்புத்தூர் சரவணம்பட்டியில். ஆபீசில் 'கொழுந்து சார்'. ஐம்பத்தொரு வயதில், பாதித் தலை வழுக்கையோடு, கொழுந்து என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். காலை ஷிப்டின் லீடர் நான். எங்கள் ஆட்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த வாடிக்கையாளரின் கணினிக்குள்ளாவது யாராவது திருட்டுத்தனமாக நுழைவது தெரிந்தால் முதலில் என்னிடம் வந்து வாயால் சொல்ல வேண்டும். நான் சரியென்றால்தான் அடுத்த வேலை. ஆக, சொல்வது என் காதில் விழும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தளமே ஓடிக்கொண்டிருந்தது.

காதில் விழுவதற்குத்தான் அந்தக் கருவி. அதன் பெயர் 'இதம்'.

மூன்று வருடங்களுக்கு முன் நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆட்டிசம் உள்ளவர்கள், கவனச் சிதறல் உள்ளவர்கள் என்று மூளை வேறு தடத்தில் ஓடுகிற சிலரைத் தேடி வேலைக்கு எடுத்தது. தானத்துக்காக அல்ல. ஆயிரம் வரி ஓடுகிற திரையில் ஒரே ஒரு வரி பொய் சொல்வதை அவர்களில் சிலர் சட்டென்று பிடித்துவிடுவார்கள். சிக்கல் பேச்சில்தான் வந்தது. கோயம்புத்தூர், தெருநாயைக்கூட 'தள்ளிப் போங்க' என்று சொல்கிற ஊர். அங்கே ஒருத்தி எழுந்து நின்று, 'உங்க ரிப்போர்ட்ல பதினேழு தப்பு இருக்கு' என்றால் தளமே வாடிப்போகிறது. இன்னொரு பக்கம், நாங்கள் 'பாக்கலாம்மா' என்று சொன்னால் அது சரியா, முடியாதா என்று தெரியாமல் அவர்கள் திண்டாடினார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து வந்தது இதம். தளத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தமே கேட்காது. சத்தம் தாங்காதவர்களுக்கு அதுவே பாதி நிம்மதி. நம் பேச்சை மேஜையிலிருக்கும் மைக் பிடித்து அனுப்பும். நாங்கள் சுற்றிவளைத்துப் பேசுவது அவர்கள் காதில் நேராகப் போய்ச் சேரும். அவர்கள் நேராகப் பேசுவது எங்கள் காதில் இதமாக வந்து சேரும், அவர்கள் குரலிலேயே, அரை விநாடி தாமதத்தில். உதடும் சொல்லும் ஒட்டாது. டப்பிங் சீரியல் பார்த்து வளர்ந்த நமக்கு அதெல்லாம் ஒரு குறையா? 'ஓரத்தை மட்டும் சீவிவிடும், விஷயத்தைத் தொடாது' என்று எங்களிடம் சொன்னார்கள்.

நான் இயர்போனை வடையோடு ஊறவைத்த நாள் வியாழக்கிழமை. அன்று நாலு மணிக்கு ஒரு விசாரணை. நான்தான் முக்கியச் சாட்சி.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாடிக்கையாளரான ஒரு பால் பண்ணையில், பாலைக் குளிர வைக்கும் சில்லர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. வெளியிலிருந்து யாரோ கணினி வழியாக நிறுத்தியிருந்தார்கள். திரும்ப ஓட்டவும் விடவில்லை. மூன்று மாவட்டத்துக்குப் போக வேண்டிய பால் அப்படியே கெட்டது. திங்கட்கிழமை எங்கள் வீடு உட்படப் பல வீடுகளில் கடுங்காப்பிதான்.

அந்தப் பண்ணையைக் கண்காணித்தவள் சுடர்விழி. பொள்ளாச்சிக்காரி, இருபத்தேழு வயது. ஆட்டிசம் உள்ளவள். முதல் நாள் அறிமுகத்தில் அவளே சொன்னாள். என் காதில், 'நான் கொஞ்சம் வித்தியாசமான ஆளுங்க சார்' என்று விழுந்தது.

அவளுக்கு எதிராக இரண்டு சாட்சியம் இருந்தது. ஒன்று, சனிக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு அவள் என் மேஜைக்கு வந்து பேசியதன் பதிவு: 'சார், பால் பண்ணைப் பக்கம் சின்னதா ஒரு விஷயமுங்க. அவசரமில்லீங்க. உங்களுக்கு நேரம் கெடைக்கறப்பப் பாத்தீங்கன்னாப் போதுமுங்க.' இரண்டாவது, பண்ணையின் வாட்ச்மேன் நோட்டு. அதே நாள் மதியம் ஒரு பெண் போன் செய்து, 'நாளைக்கு உங்க பால் எல்லாம் கெட்டுப்போகும்' என்று மிரட்டியதாக எழுதியிருந்தது. நம்பர் சுடர்விழியுடையது.

எங்களிடம் அவசரமில்லை என்றிருக்கிறாள். அவர்களிடம் கெடும் என்றிருக்கிறாள். அப்படியானால் முன்பே தெரிந்திருக்கிறது, எங்களிடம் மறைத்திருக்கிறாள். உள்ளேயிருந்தே கதவைத் திறந்துவிட்ட ஆள். விசாரணையில் அது உறுதியானால் வேலை போவதோடு நிற்காது. போலீசுக்கான புகார் தட்டச்சாகி, கையெழுத்துக்காக டைரக்டர் மேஜையில் காத்திருந்தது.

நானும் நம்பினேன். மூன்று நாளாக அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் குடித்தால் எதற்குக் குடிக்கிறாள் என்று யோசித்தேன். கீபோர்டைத் துடைத்தால், எதைத் துடைக்கிறாள்?

அந்த நிலையில்தான், செத்த இயர்போனைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காதோடு தளத்துக்குள் நுழைந்தேன். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், மூன்று வருடத்தில் முதல்முறையாக, உக்கடம் மீன் மார்க்கெட் மாதிரி வந்து மோதியது.

“திருமலைக்கொழுந்து, உங்க சட்டையில சாம்பார்.”

பள்ளிக்கூட வருகைப்பதிவுக்குப் பிறகு என்னை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திரும்பினேன். சுவரோரக் கடைசி இருக்கையில் சுடர்விழி. வழக்கம் போலத் தொப்பி, வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க. குரல் அவளுடையதுதான். ஆனால் அதிலிருந்த குழைவைக் காணோம்.

“என்னம்மா சொன்ன?”

“சாம்பார். மூணாவது பட்டன் கிட்ட. இன்னைக்கு விசாரணையில நீங்க பொய் சொல்லப் போறீங்களா?”

இப்படிப்பட்ட நேரத்தில் நான் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். “சாம்பார் மேல சத்தியமா உண்மைதான் சொல்லுவேன்” என்று ஜோக் அடித்தேன்.

மூன்று வருடமாக என் ஒவ்வொரு ஜோக்குக்கும் அவள் 'ஹிஹி, சார்' என்று அளவாகச் சிரித்து வந்தவள். இப்போது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. என் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஜோக்கா?”

“ஆமா.”

“அப்ப முதல்லயே சொல்லணும். எனக்கு நேரம் வீணாகுது. பொய் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?”

அந்த 'ஹிஹி'யும் கருவி போட்டதுதான். இதை எழுதும்போதுகூட நெஞ்சில் லேசாக வலிக்கிறது.

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். “நான் எதுக்கும்மா பொய் சொல்லுதேன்? நீதானே அவசரமில்லன்னு சொன்ன?”

“நான் சொல்லல.”

“பதிவு இருக்கு தாயி. ரெண்டு தடவை கேட்டேன். உன் குரல்தான்.”

“நான் அந்த வார்த்தைய உங்ககிட்ட பேசவே மாட்டேன். அவசரமில்லாததுக்கு நான் எந்திரிச்சு வந்ததே இல்ல. அதை ஃபைல்ல எழுதிடுவேன். எந்திரிச்சு வந்தாலே அவசரம்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மூன்று வருடத்தில் அவள் எழுந்து வந்தது பத்துப் பதினைந்து முறைதான் இருக்கும். மற்றபடி பேசியதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தேதான்.

“சரி, சனிக்கிழமை என்னதான் சொன்ன?”

அவள் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். பார்க்காமலே ஒப்பித்தாள். “பால் பண்ணையோட சில்லர வெளியேர்ந்து ஒருத்தர் தொட்டுத் தொட்டுப் பாக்கறார். பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை. திருடப் போறவன் கதவைத் தட்டிப் பாக்கற மாதிரி. இப்பவே லைனை கட் பண்ணணும். பண்ணலைன்னா நாளைக்குப் பால் கெடும். இதான் சொன்னேன்.”

“அதுக்கு நான் என்ன சொன்னேன்?”

“'எனக்கு இதுல அக்கறை இல்ல, போ'ன்னு சொன்னீங்க.”

“ஐயோ! நான் 'பாக்கலாம்மா'ன்னு தானே சொன்னேன்?”

“எனக்குக் கேட்டது இதுதான்.” நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினாள். “ஜூன் நாலு. 'இந்த வேலைய நான் படிக்கவே இல்ல.' ஜூன் பத்தொன்பது. 'உன் யோசனைய நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.' ஜூலை ரெண்டு. 'இவ எப்ப போவான்னு இருக்கு.'”

ஜூன் நாலு எனக்கு ஞாபகம் இருந்தது. 'பிரமாதம்மா, கலக்கிட்ட' என்று சொன்னேன். பத்தொன்பதாம் தேதி, 'நல்ல ஐடியா, மேல பேசறேன்' என்றேன். கருவி பொய் சொல்கிறது என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. நான் அந்த வேலையைப் படிக்கவில்லை. மேலே யாரிடமும் பேசவும் இல்லை.

“பண்ணைக்கு எதுக்கு போன் பண்ணின?”

“நீங்க போன்னு சொன்னீங்க. உங்களைத் தாண்டி மேல போக ரூல் இல்ல. அதனால வெளியில போய் என் போன்ல கூப்பிட்டேன். வாட்ச்மேன் எடுத்தார். நாளைக்கு உங்க பால் கெட்டுப்போகும்னேன். 'பட்டப்பகல்ல சாபமா விடறே'ன்னு திட்டி வச்சுட்டார்.”

“நாலு மணிக்கு உன்னைப் போலீஸ்ல கொடுக்கப் போறாங்க. அது தெரியுமா?”

“தெரியும். அதுக்குத்தான் கேட்டேன். பொய் சொல்லுவீங்களா?”

கருவியைச் சோதிக்காமல் நாலு மணி அறைக்குள் போகக் கூடாது என்று எழுந்தேன். யாரோ திட்டம் போட்டு இந்தப் பெண்ணை மாட்டிவிடுகிறார்கள். யார் என்று தெரிய வேண்டும். எனக்குள் ஒரு துப்பறிவாளன் விழித்துக்கொண்டான், சட்டையில் சாம்பாரோடு.

கருவிகளைப் பராமரிப்பவர் ஜெரால்டு. நாற்பது வயது, எப்போதும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகியிருப்பார். என் இயர்போனை வாங்கி மோந்து பார்த்தார். “நம்ம கேண்டீன்ல பெருங்காயம் போடறாங்களா சார்? எனக்கு ஒருநாள்கூட அந்த பாக்கியம் கெடைக்கலையே.”

“ஜெரால்டு, நேராக் கேக்கேன், நேராப் பதில் சொல்லும் வே. இதம் எவ்வளவு மாத்தும்?”

“அளவு இருக்கு சார். ஒண்ணுலேர்ந்து பத்து. ஒண்ணுல வச்சா 'சார்' சேக்கும். மூணுல 'ங்க' சேக்கும். அஞ்சுல கோபத்தை எடுத்துடும்.”

“ஒன்பதுல?”

“ஒன்பதுல...” ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்து மறுகாதில் வைத்தார். “கேக்கறவங்களுக்குச் சங்கடம் தர்ற எதுவா இருந்தாலும் எடுத்துடும் சார்.”

“பால் கெடும்ங்கறது சங்கடமா?”

“சனிக்கிழமை பதினொன்னு இருபதுக்கு உங்களுக்குச் சங்கடமாத்தானே சார் இருந்திருக்கும்?”

அது கேண்டீனில் என் போண்டா நேரம்.

“சுடர்விழிக்கு எவ்வளவு வச்சிருக்கு?”

“ஆரம்பத்துல மூணு சார்.”

“இப்ப?”

“இப்ப கொஞ்சம் கூடியிருக்கும்னு நெனக்கறேன்.”

“நெனைக்கீரா, தெரியுமா?”

“ஒன்பது.”

“அவ பேசுன நெசப் பேச்சு எங்க?”

“அது சேமிக்கறதில்ல சார். தனியுரிமை. மாத்தினது மட்டும்தான் பதிவாகும்.”

“யாரு வே ஒன்பதுக்கு ஏத்துனது?”

“யாரும் ஏத்தறதில்ல. அது தானாக் கத்துக்கும் சார்.”

“யார்ட்ட?”

“கேக்கறவங்ககிட்ட. ஒவ்வொரு பேச்சுக்கப்புறமும் திரையில ரெண்டு முகம் வரும்ல, சிரிச்ச முகமும் கடுகடு முகமும்? கடுகடுவை அமுக்கினா, அடுத்த தடவை ஒரு பொடி அளவு இதம் கூட்டிக்கும்.”

“கடுகடுவ அமுக்குனது யாரு?”

“பேர் சொல்லக் கூடாது சார். பொதுவாச் சொன்னா, ஷிப்ட் லீடர் அளவுல...”

“காலை ஷிப்டுக்கு எத்தனை லீடர் இருக்காங்க?”

“ஒருத்தர் சார்.”

“அது நான்தானே?”

“நான் அப்படிச் சொல்லலை சார்.” எழுந்துகொண்டார். “ஒரு டீ சாப்பிட்டு வந்துடறேன். திரைய அணைக்க மறந்துட்டுப் போறேன்.”

திரையில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு கடுகடு முகம். அதன் பக்கத்தில் 412.

அந்தச் சின்ன அறையில் நான் உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம் இருக்கும். முதல் கடுகடு எதற்கு என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. 'உங்க ரிப்போர்ட்ல பதினேழு தப்பு இருக்குங்க சார்.' பதினேழும் இருந்தன. அமுக்கினேன். நாலைந்து மாதத்தில் அதுவே, 'ஒண்ணு ரெண்டு எடம் மட்டும் பாக்கலாமுங்க' என்று ஆனது. அதற்கும் அமுக்கினேன். வருடம் திரும்பியபோது, 'அருமையான ரிப்போர்ட்டுங்க சார்' என்று வந்தது. நான் முன்னேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லிக்கூடக் காட்டினேன்.

காலையிலிருந்து சந்தேகப்படக் கிடைத்த ஆட்களிலேயே மிக மோசமான ஆள் அகப்பட்டுவிட்டான். எனக்கு வீடு இருக்கிறது, அதன் மேல் பதினோரு வருடக் கடன் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். பதிவு இருக்கிறது. நான் 'கேட்டதைச் சொல்கிறேன்' என்று சொன்னால் அதில் ஒரு பொய்கூட இல்லை. இதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் என்னை இன்னும் கொஞ்சம் விரும்புவீர்கள், ஆனாலும் யோசித்தேன்.

பிறகு சியாமளா மேடத்தின் அறைக்குப் போனேன். தனித்திறன் கொண்டவர்களை வேலைக்கு எடுத்த திட்டம் முழுவதும் அவருடையது. நல்லவர். அவர் அறையில் சத்தம் போடாத கடிகாரம்தான் இருக்கும்.

“மேடம், சுடர்விழி பேச்சு மாறுதுங்கறது அவளுக்குத் தெரியுமா?”

“அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க சார்.”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரிஞ்சா அவங்களுக்குத் தன்னம்பிக்கை குறையும்னு நாங்க ஃபீல் பண்ணினோம்.”

“ஒன்பதுல போயி நிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தளத்துல இப்ப எவ்வளவு ஒற்றுமை பாருங்க. மூணு வருஷத்துல ஒரு புகார் இல்ல.” மேஜை இழுப்பறையிலிருந்து புது இயர்போனை எடுத்து நீட்டினார். “இதைக் கண்டிப்பாப் போட்டுக்கோங்க சார். இந்த வாரத்துலேர்ந்து எல்லாருக்கும் ரொம்பப் பாதுகாப்பா இருக்கு.”

எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். “பாத்துக்கலாம் சார்” என்றார்.

நாலு மணி. கண்ணாடி அறை. நீள மேஜையின் தலைமாட்டில் டைரக்டர் பொன்னுரங்கம். அவருக்கு முன்னால் ஒரு நீல ஃபைல், அதற்குள் போலீஸ் புகார். பக்கத்தில் சியாமளா மேடம். எதிரே பால் பண்ணையின் மேலாளர் மயில்சாமி, வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, காதில் எங்கள் இயர்போன். கடைசியில் தொப்பியைக் கழற்றாமல் சுடர்விழி. நானும் புது இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க கொழுந்து சார்” என்றார் பொன்னுரங்கம். “அன்னைக்கு அம்மிணி உங்ககிட்ட என்னங்க சொன்னாங்க? சுருக்கமாச் சொன்னாப் போதுமுங்க.”

எழுந்து நின்றேன். “அவ சரியாத்தான் சொன்னா. பால் கெடும்னு சொன்னா. என் காதுல அது விழாமப் பண்ணுனது நான்தான். நானூத்திப் பன்னெண்டு தடவை கடுகடு முகத்த அமுக்கி, அவ பேச்சுல இருந்த உயிரை எடுத்தது நான்தான். தப்பு முழுக்க என்னோடது.”

பொன்னுரங்கத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

“என்ன பெருந்தன்மைங்க!” என்றார். மயில்சாமியிடம் திரும்பினார். “பாத்தீங்களா? டீம்ல யார் தப்புப் பண்ணினாலும் தன் தோள்ல ஏத்துக்கறாரு. இப்படி ஒரு லீடர் கெடைக்கறது கஷ்டமுங்க.”

மயில்சாமி மீசையைத் தடவியபடி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்குப் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். “பெருந்தன்மை ஒரு மண்ணும் இல்ல! நான்தான் குத்தவாளி!”

“அடக்கமும் இருக்குங்க” என்றார் பொன்னுரங்கம்.

மெதுவாக சியாமளா மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். “மேடம், என் பேச்சுக்கும் போட்டுட்டீங்களா?”

“ஞாயிற்றுக்கிழமைக்கப்புறம் எல்லாரும் டென்ஷனா இருந்தாங்க சார். அதான் திங்கட்கிழமைலேர்ந்து எல்லார் பேச்சுக்கும் ஒரே அளவு வச்சுட்டோம். சிலருக்கு மட்டும் வைக்கறது பாகுபாடு இல்லையா?”

“எவ்வளவு?”

“எது நல்லா வேலை செஞ்சுதோ அது.”

ஒன்பது! “எல்லாரும் அந்த எழவக் காதுலேர்ந்து கழத்துங்க!” என்று கத்தினேன். என்னுடையதைப் பிடுங்கி மேஜை மேல் போட்டேன். பொன்னுரங்கம் தலையாட்டி, ஏசி ரிமோட்டை எடுத்து இரண்டு டிகிரி குறைத்தார். “ஆமாங்க, கொஞ்சம் வெக்கையாத்தான் இருக்கு.”

சுடர்விழி மட்டும் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். “நீங்க சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கு” என்றாள். அவளுக்கு எல்லாமே நேராகத்தான் போய்ச் சேரும். “நான் சொன்னாலும் இவங்களுக்கு வேற மாதிரிதான் கேக்கும். அப்படித்தானே?”

“ஆமாம்மா.”

“மூணு வருஷமாவா?”

“ஆமாம்மா.”

அவள் உதடு கொஞ்ச நேரம் எதையோ எண்ணுவது போல அசைந்தது. அந்த மூன்று வருடத்தில் தான் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தாளோ என்னவோ. பிறகு எழுந்து சுவரோரம் போனாள். ஒயிட்போர்டுக்குக் கீழே கிடந்த மார்க்கரை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

“எழுதுங்க. எழுத்தை அது மாத்தாது.”

எழுதினேன். என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும், அன்று கோழிக்குக் குளிர் ஜுரம் வேறு. 'சனிக்கிழமை சுடர்விழி என்னை எச்சரித்தாள். இதம் அதை மாற்றிவிட்டது. மாற்றப் பழக்கியது நான், 412 முறை. இப்போது நான் பேசுவதையும் மாற்றுகிறது. இயர்போனைக் கழற்றுங்கள்.'

சுடர்விழி மார்க்கரை வாங்கி, 'சனிக்கிழமை' என்ற சொல்லுக்கு மேலே '11.20' என்று சேர்த்தாள்.

அதைப் படித்து முதலில் கழற்றியது மயில்சாமிதான். மேஜை மேல் வைத்தார், ஏதோ பூச்சியை வைப்பது போல. “அப்ப இந்தப் புள்ள எங்களை மெரட்டலீங்களா?”

“இல்லீங்க” என்றேன், என் சொந்தக் குரலில். “காப்பாத்தப் பாத்திருக்கா.”

“எங்காளு போன வச்சுப்போட்டானே!” பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். “கண்ணு, தப்பா நெனச்சுப்போட்டோம். மன்னிச்சுக்க சாமி.”

“அது அப்புறம்” என்றாள் சுடர்விழி. “அந்த லைன் இன்னும் திறந்துதான் இருக்கு. பதினோரு நிமிஷத் தட்டல் மறுபடி இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஆரம்பிச்சிருக்கு. இப்பவே கட் பண்ணச் சொல்லுங்க.”

அவர் 'பாக்கலாம்' என்று சொல்லவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கத்துவது கேட்டது. “புடுங்குடா! கேள்வி கேக்காத, புடுங்கு!”

பொன்னுரங்கம் தன் இயர்போனைக் கழற்றினார். சியாமளா மேடமும் கழற்றினார். சுடர்விழி மட்டும் கழற்றவில்லை. அவள் காதுக்கு அந்த அமைதி வேண்டும்.

டைரக்டர் ஒயிட்போர்டை வெகுநேரம் படித்தார். நீல ஃபைலைத் திறந்து, உள்ளேயிருந்த புகாரை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் அருகில் வந்து தோளில் கை போட்டார். குரல் தேனாக இருந்தது, எந்தக் கருவியும் இல்லாமலே.

“கொழுந்து சார், நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தருங்க. பதினாலு வருசமா ஓயாம ஓடியிருக்கீங்க. ஒடம்புன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? ஊருப் பக்கம் போங்க. குத்தாலத்துல சீசன் நல்லா இருக்குதாம். நெதானமா இருங்க. அம்மிணியப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாமுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. உங்களுக்குன்னு ஒரு எடம் எங்க மனசுல எப்பவும் இருக்குமுங்க.”

“அப்ப எனக்கு வேலை இருக்கா சார்?”

“என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க?” என்று சிரித்தார்.

சியாமளா மேடத்தைப் பார்த்தேன். “இப்போதைக்கு எதையும் நெகட்டிவா எடுத்துக்காதீங்க சார்” என்றார்.

இருவரும் மிகுந்த அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அன்பில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, அதுதான் சந்தேகமாக இருந்தது. நான் சுடர்விழியிடம் போய் நின்றேன். அவள் இயர்போனை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, கேட்டதை நோட்டில் எழுதி முடித்திருந்தாள்.

“அவர் இப்ப சொன்னது உனக்கு என்னன்னும்மா கேட்டுச்சு?”

அவள் என் மூன்றாவது பட்டனிலிருந்து கண்ணை உயர்த்தினாள். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, என் கண்ணைப் பார்த்தாள். அது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

“உங்களுக்கு வேலை போயிடுச்சு” என்றாள். “எனக்குப் போகல.”